பயிற்சி ஏடு

ஆண்டுதோறும் கோடை விடுமுறை கழிந்து கல்லூரி திறந்ததும், என் மேசையின்மேல் பயிற்சி ஏடுகள் வந்து குவியும். பொறியியல் பயிலும் மாணவர்கள் விடுமுறை நாள்களில் ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் சென்று தொழில் பழகி வருகின்றனர். கல்லூரிப் பதிவேட்டில் அதற்குத் தொழிலகப் பயிற்சி என்று பெயர். மாணவர் வாயில் அது இன்டர்ன்ஷிப். பயிற்சிக்குச் செல்லும் ஒவ்வொருவரும் தாம் அன்றன்று கண்டதையும் செய்ததையும் ஓர் ஏட்டில் எழுதி, ஆலையின் மேற்பார்வையாளரிடம் கையொப்பம் பெற்று வருதல் வேண்டும். அவ்வேடுகளைப் படித்து, யார் எங்கே எத்தனை நாள் பழகினார், என்ன கற்றார் என்று கணக்கு வைக்கும் பணி சில ஆண்டுகளாக என்னிடம் இருந்து வருகிறது.

“கணக்கப்பிள்ளை வேலை உமக்கு எதற்கு?” என்று நண்பர் சிலர் கேட்பதுண்டு. பாடம் நடத்துவது ஆசிரியர் தொழில், பதிவேடு எழுதுவது அலுவலகத்தார் தொழில் என்பது அவர்கள் எண்ணம். எனக்கு அஃது உடன்பாடு அன்று. மாணவன் வகுப்பறையில் இருக்கும்போது அவன் முகத்தைப் பார்த்தே அவனுக்கு விளங்கியதா இல்லையா என்று அறியலாம். முந்நூறு கல் தொலைவில் ஓர் ஆலையின் உள்ளே அவன் நிற்கும்போது, அவன் முகத்தை எனக்குக் காட்டுவது அந்த ஏடு ஒன்றே.

சில ஏடுகள் கதை நூலினும் சுவையானவை. கோவைப் பக்கத்து வார்ப்பட ஆலை ஒன்றில் பழகிய மாணவன் எழுதியதைச் சொல்கிறேன். நீரிறைக்கும் பம்புகளின் உடற்பகுதியை வார்க்கும் ஆலை அது. மணலால் அச்சுக் கட்டி, உருக்கிய இரும்பை அதில் ஊற்றி, ஆறவிட்டு எடுப்பார்கள். ஒன்பதாம் நாள் வார்ப்புகள் பலவற்றில் சிறு சிறு புழைகள் விழுந்து அவை வீணாயின என்று அவன் எழுதியிருந்தான். அச்சு மணலில் ஈரம் மிகுந்துவிட்டால், காய்ந்த இரும்பு பட்டவுடன் அந்த நீர் ஆவியாகிறது. வெளியேற வழி காணாத ஆவி உலோகத்தினுள் புகுந்து புழையாக நின்றுவிடுகிறது. இவ்வளவும் பாடநூலில் உள்ள செய்தியே. அவன் உள்ளம் விழித்தது பத்தாம் நாள் பக்கத்தில்தான். அச்சுக் கட்டுபவர் ஒருவர் ஒரு பிடி மணலை அள்ளி உள்ளங்கையில் வைத்து இறுக்கி, அந்தக் கட்டியை இரண்டாக ஒடித்துக் காட்டினாராம். ஒடிந்த விளிம்பு உதிராமல் கூர்மையாக நின்றால் ஈரம் அளவாக இருக்கிறது. பொலபொலவென்று உதிர்ந்தால் போதவில்லை. கையில் ஒட்டினால் மிகுந்துவிட்டது. “அண்ணா, ஈரம் அளக்கக் கருவி இருக்கிறதே?” என்று இவன் கேட்டிருக்கிறான். “இருக்கிறது தம்பி. அது ஆய்வறையில் இருக்கிறது, கை இங்கேயே இருக்கிறது” என்றாராம் அவர்.

பதினோராம் நாள் பக்கத்தில் ஒரு சிறு அட்டவணை இருந்தது. கையால் இறுக்கிப் பார்த்துத் தான் மதிப்பிட்ட ஈரத்தையும், அதே மணலுக்கு ஆய்வறைக் கருவி காட்டிய ஈரத்தையும் எதிரெதிரே எழுதியிருந்தான். முதலில் இரண்டும் மிகவும் விலகி நின்றன; ஒரு வாரத்தில் நெருங்கி வந்தன. அந்த அட்டவணையை வரையுமாறு அவனிடம் எவரும் சொல்லவில்லை.

அதே ஆண்டில் மற்றொரு மாணவனின் ஏடும் வந்தது. முப்பது பக்கங்களிலும் ஒரே தொடர்: “இன்று எந்திரப் பகுதியைப் பார்வையிட்டேன்.” மை ஒன்று, எழுத்தின் சாய்வு ஒன்று, மேற்பார்வையாளரின் கையொப்பங்கள் முப்பதும் ஒரே மூச்சில் இட்டவை. உடனிருந்த சான்றிதழோ அவனை வானளாவப் புகழ்ந்தது. பதிவேட்டின் விதிப்படி பார்த்தால் அவனுக்கு ஒரு குறையும் சொல்ல இயலாது. நாள் நிறைந்திருந்தது, மணி நிறைந்திருந்தது, முத்திரையும் அழுத்தமாக விழுந்திருந்தது.

அவனை அழைத்துக் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் நின்றான். பிறகு சொன்னான்:

“ஐயா, என்னை உள்ளே விடவே இல்லை. வாயிலில் உட்கார்ந்து, வந்து போகும் லாரிகளின் எண்ணை எழுதச் சொன்னார்கள். முப்பது நாளும் அதுதான் செய்தேன்.”

“அதையே ஏட்டில் எழுதியிருக்கலாமே?”

“எழுதினால் கையொப்பம் போட மாட்டார்கள் ஐயா. கையொப்பம் இல்லாவிட்டால் பயிற்சி செல்லாது என்று சொல்லியிருந்தார்களே.”

அவன் குடும்பம் கூலி வேலை செய்து பிழைப்பது. நகரில் ஒரு திங்கள் தங்கியிருக்க அறை வாடகை வேண்டும் என்று, வளர்த்த ஆடுகள் இரண்டை விற்றிருக்கிறார்கள். போதாதற்கு, பயிற்சிக் கட்டணம் என்று சொல்லி அந்த நிறுவனம் ஒரு தொகையும் வாங்கியிருந்தது. பணமும் கொடுத்து, வேலையும் செய்து கொடுத்து, ஒன்றும் கற்காமல் திரும்பியிருக்கிறான் பையன்.

அவன் பொய்யன் அல்லன். பொய்யைத் தவிர வேறெதையும் எழுத இடங்கொடாத ஏட்டை அவன் கையில் கொடுத்தனுப்பியிருந்தார்கள். எவரைப் பற்றிக் குறை சொல்ல வேண்டுமோ, அவரிடமே அதைக் காட்டிக் கையொப்பம் பெற வேண்டும் என்றால், எந்த மாணவன் உண்மை எழுதுவான்? மேலும், பயிற்சி முடிந்து இரண்டு திங்கள் கழிந்த பிறகே ஏடுகளை வாங்கிப் பார்ப்பது அந்நாளைய வழக்கம். ஊர் வெள்ளத்தில் போன பிறகு மதகைப் பார்க்கப் போவது போன்றதுதான் இது.

நிற்க. தொழிலைச் செய்தே கற்பது புதிய முறை அன்று. தச்சன் மகன் தந்தைக்கு உளி எடுத்துக் கொடுத்தே தச்சன் ஆனான். அங்கே ஏடும் வேண்டியதில்லை, கையொப்பமும் வேண்டியதில்லை. கற்பிப்பவரும், வேலை வாங்குபவரும், கற்றானா என்று பார்ப்பவரும் ஒருவரே. (அம்முறையைப் புகழ்வோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். தச்சனுக்குப் பிறவாதவனுக்கு அந்தப் பட்டறையின் கதவு திறந்ததில்லை.) சென்னையில் 1794-ஆம் ஆண்டு எட்டு மாணவர்களோடு தொடங்கி, பிற்காலத்தில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்த நில அளவைப் பள்ளியிலும், கல்வி என்பது பெரும்பாலும் அளவைக் கருவியோடு வெளியில் இறங்குவதாகவே இருந்தது. காலப்போக்கில் கல்லூரிகள் பெருகின, பாடங்கள் விரிந்தன. கற்பது ஓரிடம், செய்வது ஓரிடம் என்று ஆயிற்று. இரண்டையும் மீண்டும் இணைக்க ஒருவர் வர வேண்டியிருந்தது.

அமெரிக்க நாட்டு ஹெர்மன் ஷ்னைடர் என்பவர் அத்தகையவர். 1872-இல் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்த இவர், லீஹைப் பல்கலைக்கழகத்தில் பயிலும்போதே ஒரு கட்டடக் கலைஞரிடம் வேலை செய்து பொருள் ஈட்டியவர். பின்னர் அங்கேயே ஆசிரியராக அமர்ந்தபோது, கல்லூரியை விட்டுச் சென்றோரில் தொழிலில் சிறந்து விளங்குவோர் யார் என்று ஆராய்ந்தார். படிக்கும் காலத்தில் பிழைப்புக்காக ஏதேனும் வேலை பார்த்தவர்களே அவர்களுள் மிகுதியாக இருக்கக் கண்டார். அப்பல்கலைக்கழகத்தின் அருகிலேயே பெரிய எஃகாலை ஒன்று இருந்தது. ஒரு மாலைப்பொழுதில் உலாவிக்கொண்டிருந்தபோது அவ்வாலையின் உலை எழுப்பிய ஒளியும் ஓசையும் அவர் சிந்தனையைத் தூண்டின என்று சொல்லுவர். உலகத்துச் சிறந்த ஆய்வுக்கூடம் வேலிக்கு அப்பால் எரிந்துகொண்டிருக்க, இப்பால் மாணவர்கள் அதன் படத்தைப் பார்த்துப் பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள்!

ஷ்னைடர் 1903-இல் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்திற்கு வந்தார். எந்திரங்களைச் செய்யும் எந்திரங்களுக்குப் பெயர்போன நகரம் அது. மாணவரை ஆலைக்கு அனுப்பும் அவருடைய திட்டத்தைப் பல்கலைக்கழக ஆட்சியாளர் எளிதில் ஏற்கவில்லை. ஓர் ஆண்டு மட்டும் நடத்திப் பார்க்கலாம், தவறினால் அந்தப் பொறுப்பு தங்களைச் சேராது என்னும் முறையில் இசைந்தனர். 1906-இல் 27 மாணவர்களோடு திட்டம் தொடங்கியது. மாணவரை இருவர் இருவராகச் சேர்த்தார்கள். ஒருவன் ஒரு வாரம் ஆலையில் வேலை செய்வான்; மற்றவன் அவ்வாரம் வகுப்பில் இருப்பான்; அடுத்த வாரம் இருவரும் இடம் மாறுவர். வேலைக்குக் கூலியும் உண்டு. ஓர் ஆண்டு என்று தொடங்கியது நூறாண்டைக் கடந்தும் நடந்து வருகிறது.

மாணவரை ஆலைக்கு அனுப்பியதற்காகவே ஷ்னைடரைப் பலரும் புகழ்கின்றனர். அதனினும் நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. ஆலைக்கும் கல்லூரிக்கும் நடுவே அவர் ஓர் ஆசிரியரை நிறுத்தினார். இணைப்பாளர் என்று அவருக்குப் பெயர். தம் நேரத்தின் ஒரு பகுதியை அவர் ஆலைகளில் கழிப்பார். மாணவன் எந்த எந்திரத்தின் முன் நிற்கிறான், அவனுக்கு எதைக் காட்டுகிறார்கள், ஒரே வேலையைத் திங்கள் கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ய விட்டுவிட்டார்களா என்று நேரில் பார்ப்பார். பிறகு கல்லூரிக்கு வந்து, ஆலையில் மாணவர் கண்டவற்றை வகுப்பில் எடுத்து விளக்குவார். மாணவனுக்கு ஆலையில் ஒரு துணை. ஆலைக்குக் கல்லூரியில் ஒரு துணை. அந்த ஒருவர் இல்லாவிட்டால் முழுத் திட்டமும் மலிவான கூலிக்கு ஆள் சேர்க்கும் வழியாக முடிந்திருக்கும்.

மாசசூசெட்சு மாநிலத்து ஃபிட்ச்பர்க் நகரில் ஓர் உயர்நிலைப் பள்ளி 1908-இல் இம்முறையைப் பின்பற்றியது. அங்கே ஓர் அழகிய வழக்கம் இருந்தது. பள்ளியில் அவ்வாரத்தைக் கழித்த மாணவன் சனிக்கிழமையன்று ஆலைக்குச் செல்வான். அங்குள்ள தன் இணை எந்த வேலையை எந்த அளவில் நிறுத்தியிருக்கிறான் என்று கேட்டறிந்து, திங்கட்கிழமை அதே இடத்தில் தொடங்குவான். இதைவிடச் சிறந்த பயிற்சிக் கணக்கு வேறு உண்டோ? தான் செய்ததை மற்றொருவன் தொடர்ந்து செய்யும்படி எடுத்துச் சொல்ல வேண்டும் என்றால், செய்தது என்ன என்று முதலில் தனக்குத் தெளிவாக வேண்டும். எழுதப் படிக்கும் ஏடு இல்லாமலே அங்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு தேர்வு நடந்தது.

கனடா நாட்டு வாட்டர்லூவில் 1957-இல் இதே வழியில் ஒரு பொறியியற் கல்வி தொடங்கிப் பெரிய பல்கலைக்கழகமாக வளர்ந்தது. நம் நாட்டில் இராசத்தான் மாநிலத்துப் பிலானியில் உள்ள பிர்லா தொழில்நுட்ப அறிவியல் நிறுவனம் 1973-இல் பயிற்சிப் பள்ளி என்னும் முறையை ஏற்படுத்தியது. இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் ஏறத்தாழ இரண்டு திங்கள், இறுதி ஆண்டில் ஐந்தரைத் திங்கள் என்று மாணவர் தொழிலகங்களில் பழக வேண்டும். ஆசிரியர்களும் ஆலை இருக்கும் இடத்திற்கே சென்று தங்கி, மாணவரின் நாட்குறிப்பையும் சொற்பொழிவையும் அறிக்கையையும் அங்கேயே மதிப்பிட்டனர். வகுப்பறையே பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு ஆலைக்குக் குடிபோயிற்று எனலாம்.

மருத்துவக் கல்வியில் இதைப் பற்றி எவரும் ஐயுறுவதே இல்லை. தேர்வுகள் அனைத்திலும் தேறிய பின்னும், மருத்துவமனையின் ஒவ்வொரு துறையிலும் மாறி மாறிப் பன்னிரண்டு திங்கள் பணியாற்றி, அதனைப் பதிவேட்டில் குறித்துக் காட்டினால்தான் ஒருவர் நம் நாட்டில் முழு மருத்துவராகலாம். பாலம் கட்டுபவரிடமும் கொதிகலன் செய்பவரிடமும் நாம் உயிரை ஒப்படைக்கிறோம் என்பது ஏனோ எளிதில் நினைவுக்கு வருவதில்லை. சட்டமும் இதனை ஓரளவு உணர்ந்தே இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், பழகுநர் ஒவ்வொருவரின் பயிற்சி முன்னேற்றத்தையும் முதலாளி பதிவு செய்து வைக்க வேண்டும் என்கிறது. பொறியியல் பட்டதாரிகளும் பட்டயம் பெற்றோரும் 1973-இல் அச்சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டனர்.

இக்காலத்தில் கணிப்பொறியும் இவ்வேலைக்கு வந்துவிட்டது. 2023-இல் வெளியான தேசியக் கிரெடிட் கட்டமைப்பு, ஓர் ஆண்டின் 1200 மணி நேரக் கல்வியை 40 கிரெடிட்டாக வகுத்து, வகுப்பறைக்கு வெளியே பெறும் பயிற்சியையும் அக்கணக்கில் சேர்க்க வழி செய்தது. ஆலை வாயிலில் மாணவன் கைப்பேசியை எடுத்துத் தன் முகத்தைக் காட்டினால் போதும். அவன் வந்த நேரமும் நின்ற இடமும் நொடியில் பதிவாகிவிடும். இதில் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். போகாத ஊருக்குச் சான்றிதழ் வாங்கும் தந்திரம் குறையும். ஆனால் லாரி எண் எழுதிய அந்தப் பையனும் முப்பது நாளும் தவறாமல் ஆலை வாயிலில்தானே இருந்தான்? கைப்பேசி அவனுக்கும் முழு மதிப்பெண் கொடுத்திருக்கும்.

மற்றொரு தீங்கும் உண்டு. எண்ணத் தெரிந்ததையே எண்ணுவது பதிவேட்டின் இயல்பு. மணியை எண்ணலாம், ஆகவே மணிக்குக் கட்டம் போடுகிறோம். கட்டங்கள் பெருகப் பெருக மாணவன் எந்திரத்தைப் பார்க்கும் நேரம் குறைந்து கட்டத்தை நிரப்பும் நேரம் மிகும். பதினேழு கட்டங்கள் கொண்ட படிவம் ஒன்றை ஒருமுறை எனக்குக் காட்டினார்கள். நாள் முழுதும் வேலை செய்தவனுக்கு அதை நிரப்பும் தெம்பு இராது. தெம்போடு நிரப்புகிறவன் வேலை செய்திரான். அமெரிக்கக் கல்வி அறிஞர் ஜான் டூயி 1938-இல் எழுதிய ‘அனுபவமும் கல்வியும்’ என்னும் நூலில், எல்லா அனுபவமும் கல்வி ஆகிவிடாது என்றும், சில அனுபவங்கள் மேற்கொண்டு கற்கும் வழியையே அடைத்துவிடும் என்றும் விளக்குகிறார். வாயிலில் முப்பது நாள் உட்கார்ந்திருந்த மாணவன் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு: உண்மை எழுதுவதால் பயனில்லை என்பது. அதை அழிக்க எத்தனை வகுப்புகள் வேண்டும்!

ஆதலின் எங்கள் துறையில் ஏட்டை மாற்றினோம். பக்கத்துக்கு இரண்டே கேள்விகள். “இன்று உம் கை எதைத் தொட்டது?” என்பது ஒன்று. “எது உமக்கு விளங்கவில்லை?” என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு ‘பார்வையிட்டேன்’ என்று விடை எழுத முடியாது. இவற்றிற்கு மட்டும் ஆலையின் கையொப்பம் உண்டு. வாரம் ஒருமுறை மாணவன் கல்லூரிக்கு நேரே எழுதும் மடலை ஆலையார் பார்ப்பதில்லை. எல்லாவற்றினும் இன்றியமையாதது, பயிற்சியின் இரண்டாம் வாரத்திலேயே ஆசிரியர் ஒருவர் ஆலைக்குச் சென்று பார்ப்பது. பேருந்தில் போய்ப் பேருந்தில் திரும்பும் அலைச்சல்தான். சில ஆலைகளில் வரவேற்பும் இராது. ஆனால் ஆசிரியர் வருவார் என்று தெரிந்தவுடனே மாணவனை வாயிலில் உட்கார வைக்கும் வழக்கம் சில இடங்களில் தானே மறைந்தது. கட்டணம் கேட்கும் நிறுவனங்களுக்கு மாணவரை அனுப்புவதையும் நிறுத்திவிட்டோம். லாரி எண் எழுதியவன் மறு கோடையில் ஒரு நெசவு எந்திரப் பட்டறைக்குச் சென்றான். அங்கிருந்து கையெல்லாம் எண்ணெய்க் கறையோடு எழுதிய மடல்கள் வந்தன.

மாணவியரைப் பற்றியும் ஒரு சொல். ஆண் மாணவர் ஏடுகளில் எந்திரங்களின் பெயர்கள் நிறைந்திருக்க, மாணவியர் ஏடுகளில் கோப்பும் கணிப்பொறியுமே மிகுந்திருப்பதை முதற்கேள்வியின் விடைகளே காட்டிக் கொடுத்தன. பாதுகாப்புக்காக அலுவலக அறையில் அமர்த்தினோம் என்று ஆலையார் சொன்னார்கள். பாதுகாப்பு எல்லார்க்கும் வேண்டும். தலைக்கவசமும் காலணியும் கொடுத்தால் அது கிடைக்கும். ஏடுகளை வரிசையாக அடுக்கி வைத்துக் காட்டிப் பேசிய பிறகே சில ஆலைகளில் அக்கதவு திறந்தது.

அவ்வாறு திறந்த நூற்பாலை ஒன்றில் பழகிய மாணவியின் ஏடு இந்த ஆண்டு வந்திருக்கிறது. “எது உமக்கு விளங்கவில்லை?” என்னும் கேள்வியின்கீழ் அவள் எழுதியது இது: பிற்பகலில் மேற்குச் சுவரை அடுத்த எந்திரங்களில் மட்டும் இழை அடிக்கடி அறுகிறது, காலையில் அவ்வாறு இல்லை, நான்கு நாள் எண்ணிப் பார்த்தேன், காரணம் தெரியவில்லை. பஞ்சு இழைக்குக் காற்றின் ஈரம் வேண்டும். ஈரம் குறைந்தால் இழை வலுவிழந்து அறுந்துபோகும். அதற்காகவே நூற்பாலைக் கூடங்களில் காற்றை ஈரப்படுத்துகிறார்கள். அவளுடைய கேள்வியை வகுப்பில் கரும்பலகையில் எழுதினேன். மேலை வெயிலில் சுவர் காய்ந்து அவ்விடத்துக் காற்றை உலர்த்துகிறது என்றான் ஒருவன். அப்படியானால் கூரையும் அல்லவா காயும், எல்லா எந்திரத்திலும் அறுக வேண்டுமே என்றான் மற்றொருவன். ஈரக்காற்று வரும் குழாய் அந்த மூலைக்கு எட்டவில்லையோ என்றாள் எழுதியவளே. வழக்கு முடியவில்லை. ஆலை மேலாளருக்கு மடல் எழுதினேன். வரலாம் என்று விடை வந்திருக்கிறது. வருகிற வியாழக்கிழமை பிற்பகலில் இரண்டு ஈரமானிகளை எடுத்துக்கொண்டு அவர்கள் மூவரும் நானும் அங்கே போகிறோம்.